அமெரிக்கா தன்னை ஒரு தேசமாக உணர்ந்ததில் ஓவியத்துக்கும் இலக்கியத்துக்கும் எவ்வளவு பங்கு?

ஏடுதேடி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க இலக்கியத்தைச் சில மாதங்களாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி வலுத்துக்கொண்டே போகிறது. அக்காலத்தை நன்கு கற்றவர்கள் பலர் இங்கே எழுதுவதால், அவர்களிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

1820 ஜனவரியில் 'எடின்பரோ ரிவ்யூ' இதழில் சிட்னி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதிய கட்டுரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உலகின் நான்கு திசைகளிலும் அமெரிக்கப் புத்தகத்தை யார் படிக்கிறார்கள், அமெரிக்க நாடகத்துக்கு யார் போகிறார்கள், அமெரிக்க ஓவியத்தையோ சிலையையோ யார் பார்க்கிறார்கள் என்று அவர் அதில் அடுக்கடுக்காகக் கேட்டார். விடுதலைப் பிரகடனம் வெளிவந்து 43 ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில் அந்தக் கேள்வி அமெரிக்க வாசகர்களைச் சுட்டது. அவர்களுக்குக் கொடி இருந்தது, அரசியல் சட்டம் இருந்தது. ஆனால் அவர்கள் படித்த கதைகளும் பார்த்த நாடகங்களும் பெரும்பாலும் கடல் கடந்து வந்தவையாகவே இருந்தன.

ஏறக்குறைய அதே சமயத்தில் வாஷிங்டன் இர்விங் எழுதிய 'ரிப் வான் விங்கிள்' கதையில் ஒரு சிறு காட்சி வருகிறது. மலையில் 20 ஆண்டுகள் உறங்கிவிட்டு ஊர் திரும்பும் ரிப், தான் வழக்கமாக உட்கார்ந்து பேசும் விடுதியின் பலகையைத் தேடுகிறான். அதில் இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் உருவம் வரையப்பட்டிருந்தது அவனுக்கு நினைவிருக்கிறது. இப்போதும் முகம் அதே முகம்தான். ஆனால் சிவப்பு அங்கி நீலமும் வெளிர்மஞ்சளுமாக மாறியிருக்கிறது, செங்கோல் இருந்த கையில் வாள் இருக்கிறது, கீழே 'ஜெனரல் வாஷிங்டன்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. ரிப் குழம்பி நிற்கிறான். இந்தக் காட்சியை நான் மூன்று நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தேன். ஆட்சி மாறிவிட்டது, அந்த மாற்றத்துக்கேற்ற முகம் இன்னும் கிடைக்கவில்லை, பழைய முகத்தின் மேலேயே சாயம் பூசியிருக்கிறார்கள் என்று இர்விங் சொல்வதாகவே எனக்குப் பட்டது. அந்தக் கதையை அவர் எழுதியதும் இங்கிலாந்தில் இருந்தபோதுதான்.

என் கேள்வி இதுதான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அமெரிக்கர்கள் தங்களுக்கென்று ஒரு முகத்தைத் தேடிக்கொண்டார்கள் என்பது தெளிவு. அந்த முகத்தை ஓவியர்களும் எழுத்தாளர்களும் உண்மையிலேயே உருவாக்கினார்களா? அல்லது ரயில்பாதையும் குடியேற்றமும் போரும் உருவாக்கியதை அவர்கள் பதிவு மட்டும் செய்தார்களா? உருவாக்கினார்கள் என்றால், நகரத்துக் கண்காட்சிக்கே போயிராத ஓர் உழவர் குடும்பத்துக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது?

ஆற்றுவளைவு பதில் எழுதுகிறார்:

ஓவியத்தைப் பொறுத்தவரை 'உருவாக்கினார்கள்' என்றே நான் சொல்வேன். ஆனால் அது முதல் முயற்சியிலேயே கைகூடவில்லை, அந்தத் தோல்வியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அவர்கள் ஐரோப்பாவின் வழியையே பின்பற்றினார்கள். ஜான் டிரம்புல் புரட்சிக்கால நிகழ்ச்சிகளைப் பெரிய திரைகளில் தீட்டினார். அவருடைய நான்கு ஓவியங்கள் 1826-இல் வாஷிங்டன் நகரில் நாடாளுமன்றம் கூடும் கேப்பிடல் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் இடம்பெற்றன. சிற்பி ஹொரேஷியோ கிரீனோ, ஜார்ஜ் வாஷிங்டனைக் கிரேக்கக் கடவுள் ஸூஸின் கோலத்தில், மேலாடையின்றி, அரியணையில் அமர்த்தினார். 1841-இல் அந்தச் சிலை தலைநகருக்கு வந்தபோது மக்கள் முகம் சுளித்தார்கள். உங்கள் விடுதிப் பலகையின் கதைதான் இதிலும்: கடன் வாங்கிய உடலில் சொந்தத் தலைவரின் தலை.

வழி திறந்தது வேறு பக்கத்திலிருந்து. இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்து 1818-இல் அமெரிக்கா வந்த தாமஸ் கோல் என்ற இளைஞர், 1825-இல் ஹட்சன் ஆற்றின் வழியே கேட்ஸ்கில் மலைகளுக்குப் போய்வந்து சில நிலக்காட்சிகளைத் தீட்டினார். நியூயார்க்கில் ஒரு கடையில் வைக்கப்பட்டிருந்த அவற்றை முதலில் கண்டு வாங்கியவர், மேலே சொன்ன அதே டிரம்புல். வரலாற்றை வரைந்த மூத்தவர், மலையையும் மரத்தையும் வரைந்த இளையவரை அடையாளம் கண்டுகொண்ட அந்தத் தருணத்தை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அமெரிக்காவில் சிதைந்த கோட்டைகள் இல்லை, கோதிக் தேவாலயங்கள் இல்லை, ஆயிரம் ஆண்டுக் கதைகளைத் தாங்கிய ஊர்கள் இல்லை என்பதுதான் ஐரோப்பியர் வழக்கமாகச் சொல்லிவந்த குறை. 1836-இல் வெளியான அமெரிக்க நிலக்காட்சி பற்றிய தம் கட்டுரையில் கோல் அந்தக் குறையையே திருப்பிப் போட்டார். இந்த நிலம் எழுப்பும் நினைவுகள் கடந்த காலத்தைவிட நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் சார்ந்தவை என்றார். மனிதக் கை படாத காடே இந்நாட்டின் தனிச்சிறப்பு என்றார். பழமை இல்லாத இடத்தில் இயற்கையைப் பழமையாக வைத்தார்கள் என்பது இதன் பொருள். ஹட்சன் ஆற்றுப் பள்ளி என்று பின்னர் பெயர் பெற்ற ஓவியர் மரபு இந்த எண்ணத்தின் மேல்தான் நின்றது.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஓவியத்தை நிதானமாகப் பார்த்தால் போதும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக் மலையிலிருந்து கனெக்டிகட் ஆற்றின் வளைவைக் காட்டும் கோலின் 1836-ஆம் ஆண்டு ஓவியம் அது. என் புனைபெயரும் அதிலிருந்து வந்ததுதான். படத்தின் இடப்பக்கம் இடி மழை இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. மின்னல் தாக்கிய மரம் முறிந்து நிற்க, அடர்ந்த காடு இருண்டு கிடக்கிறது. வலப்பக்கம் வெயில் விழுகிறது. பாத்தி பாத்தியாகப் பிரிந்த வயல்கள், வீடுகளின் புகை, வளைந்து ஓடும் ஆறு. இரண்டுக்கும் நடுவே, முன்பக்கப் பாறைகளுக்கிடையில், விரல்நுனி அளவில் ஒரு மனிதர் தொப்பியுடன் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறார். அவர் கோல்தான். தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறார். தொலைவில் உள்ள குன்றைக் கூர்ந்து பார்த்தால் மரம் வெட்டிய இடங்கள் வெளிறிய தழும்புகளாகத் தெரியும். காடே நம் செல்வம் என்று எழுதிய அதே கட்டுரையில், கோடரி நாள்தோறும் அழித்துக்கொண்டே போகிறது என்றும் வருந்தியவர் அவர். எனவே இதை வெறும் புகழ்ச்சி ஓவியமாக என்னால் பார்க்க முடியவில்லை. நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று கேட்கும் பார்வையாகவே அந்தச் சிறு உருவத்தின் பார்வை எனக்குப் படுகிறது.

கோல் 1848-இல் மறைந்தார். அவருடைய மாணவர் ஃபிரெடெரிக் சர்ச் 1857-இல் தீட்டிய நயாகரா ஓவியம் இரண்டு மீட்டருக்கும் அதிகமான அகலம் கொண்டது. அதில் காலூன்றிக்கொள்ளக் கரையே காட்டப்படவில்லை. பார்ப்பவர் நீரின் விளிம்பில் தொங்குவதுபோல் உணர்வார். கட்டணம் கொடுத்து மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். பிறகு ஆல்பர்ட் பியர்ஸ்டாட் ராக்கி மலைகளை அதைவிடப் பெரிய திரைகளுக்குக் கொண்டுவந்தார். அவருடைய ஓவியங்களில் எனக்கு ஈடுபாடு குறைவு, எனவே விட்டுவிடுகிறேன்.

பதிவா, உருவாக்கமா என்று கேட்டீர்கள். மேற்கே உள்ள யெல்லோஸ்டோன் நிலப்பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1871-இல் நிலவியலாளர் ஹேடன் தலைமையில் சென்ற ஆய்வுப் பயணத்தில் ஓவியர் தாமஸ் மோரனும் ஒளிப்படக்காரர் வில்லியம் ஹென்றி ஜாக்சனும் உடன் சென்றனர். அவர்கள் கொண்டுவந்த நீர்வண்ணப் படங்களும் ஒளிப்படங்களும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1872 மார்ச் 1 அன்று அந்த நிலப்பரப்பு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மோரனின் புகழ்பெற்ற பெரிய ஓவியம்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியன்று, அந்தத் திரை முடிந்தது சட்டத்துக்குப் பிறகு. அதை 10,000 டாலருக்குக் காங்கிரஸே வாங்கிக் கேப்பிடலில் மாட்டியது. அந்த இடத்தை நேரில் கண்டிராத உறுப்பினர்களில் பலர் படங்களை நம்பி அதைத் தேசத்தின் சொத்தாக அறிவித்தார்கள் என்றால், அதை வெறும் பதிவு என்று எப்படிச் சொல்வது?

அச்சுக்கூடம் பதில் எழுதுகிறார்:

ஆற்றுவளைவு எழுதியதை விரும்பிப் படித்தேன். ஆனால் ஏடுதேடியின் இரண்டாம் கேள்வி, அதாவது உழவர் குடும்பத்துக்கு இது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது, அதில் தொடப்படவில்லை. அதற்கு விடை ஓவியக்கூடத்தில் இல்லை, அச்சகத்திலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கிறது.

முதலில் தடையைச் சொல்கிறேன். 1790-ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் உள்நாட்டவரின் நூல்களுக்கு மட்டுமே பாதுகாப்பு அளித்தது. வால்டர் ஸ்காட், சார்லஸ் டிக்கன்ஸ் முதலியோரின் நூல்களை எந்த அமெரிக்கப் பதிப்பாளரும் ஒரு காசு கொடுக்காமல் அச்சிட்டு விற்கலாம். உள்ளூர் எழுத்தாளருக்கோ உரிமைத்தொகை கொடுக்க வேண்டும். இரண்டில் எதைப் பதிப்பாளர் விரும்புவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1842-இல் டிக்கன்ஸ் அமெரிக்கா வந்தபோது மேடைகளிலேயே இதைப் பற்றிப் பேசினார். பத்திரிகைகள் அவரைக் கடிந்துகொண்டன. வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கும் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் 1891-இல்தான் வந்தது. சிட்னி ஸ்மித்தின் கேள்விக்குத் திறமைக் குறைவை மட்டும் விடையாகச் சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். அதுவரை அமெரிக்க எழுத்தாளர்கள் இலவசமாகக் கிடைத்த ஆங்கில நூல்களோடு போட்டியிட்டே எழுதினார்கள்.

இனி வீடுகளுக்குப் போன வழி. நோவா வெப்ஸ்டர் 1783-இல் வெளியிட்ட, நீல அட்டை போட்ட எழுத்துக்கூட்டல் புத்தகம் பல தலைமுறைகளுக்குப் பள்ளிகளில் பாடமாக இருந்து கோடிக்கணக்கில் விற்றது. தம் 70-ஆம் வயதில், 1828-இல், சுமார் 70,000 சொற்கள் கொண்ட அகராதியை இரண்டு தொகுதிகளாக அவர் வெளியிட்டார். இங்கிலாந்தின் அகராதிகளில் இடம்பெறாத ஸ்கங்க், ஹிக்கரி போன்ற உள்நாட்டு விலங்கு, மரப் பெயர்கள் அதில் ஏறின. 'ஹானர்', 'கலர்' போன்ற சொற்களின் எழுத்துக்கூட்டலில் தேவையற்றதாக அவர் கருதிய ஓர் எழுத்து நீங்கியது. ஒரு குழந்தை பலகையில் முதல் சொல்லை எழுதும்போதே, தான் லண்டன் குழந்தையிலிருந்து வேறுபட்டவன் என்று அதன் கைக்குத் தெரிந்துவிடுகிறது. இதைவிட ஆழமாக ஓர் அடையாளத்தை எப்படி ஊன்ற முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. 1836 முதல் வெளிவந்த மெக்கஃபி வாசகப் புத்தகங்கள் இதே வேலையைக் கதைகளாலும் செய்யுள்களாலும் தொடர்ந்தன.

ஓவியங்களும் அச்சு வழியாகவே பரவின. அமெரிக்கக் கலைச் சங்கம் என்ற அமைப்புக்கு ஆண்டுக்கு 5 டாலர் சந்தா கட்டினால் ஓர் அமெரிக்க ஓவியத்தின் செதுக்கு அச்சுப் படம் வீட்டுக்கே வரும். அத்துடன் ஆண்டு இறுதியில் நடக்கும் குலுக்கலில் அசல் ஓவியமே கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. 1849-இல் அதற்குச் சுமார் 19,000 சந்தாதாரர்கள் இருந்தார்கள், அவர்களில் பலர் நியூயார்க்குக்கு வெகு தொலைவில் வாழ்ந்தவர்கள். குலுக்கல் சட்டவிரோதம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் 1852-இல் அது மூடப்பட்டது. அத்தனை வீட்டுச் சுவர்களில் ஒரே படம் தொங்கியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஒரு கவிதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1775 ஏப்ரல் 18 இரவில், ஆங்கிலப் படை புறப்பட்டுவிட்டது என்று எச்சரிக்கக் குதிரையேறிய பால் ரிவியரைப் பற்றி ஹென்றி லாங்ஃபெலோ எழுதிய கவிதை, 'அட்லாண்டிக் மந்த்லி' இதழின் 1861 ஜனவரி எண்ணில் வெளிவந்தது. கவிதையில் ரிவியர் தனியாளாகக் கான்கார்ட் ஊர்வரை போய்ச் சேர்கிறார். உண்மையில் அன்றிரவு வில்லியம் டாஸும் சாமுவேல் பிரெஸ்காட்டும் அதே பணியில் இருந்தார்கள். ரிவியர் வழியில் ஆங்கிலப் படையினரிடம் பிடிபட்டார். கான்கார்டை அடைந்தவர் பிரெஸ்காட். பிழை பொறுக்காதவர்கள் இதைச் சுட்டிக்காட்டி நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் வெளியான காலத்தைப் பாருங்கள். 1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா மாநிலம் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து விலகிவிட்டது. நாடு உடையத் தொடங்கிய அதே வாரங்களில், இருளில் கதவைத் தட்டி எழுப்பும் குதிரைவீரனைப் பற்றி, அடிமைமுறையை எதிர்த்து 1842-இலேயே கவிதைத் தொகுப்பு வெளியிட்ட ஒருவர் எழுதியது வெளிவருகிறது. அன்றைய வாசகருக்கு அது பழங்கதையாகத் தோன்றியிருக்காது. தம் வீட்டுக் கதவு தட்டப்படுவதாகவே கேட்டிருக்கும்.

மறுபக்கம் பதில் எழுதுகிறார்:

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. ஆனால் ஏடுதேடி தொடங்கிய மேற்கோள் பாதியில் நின்றுவிட்டது. சிட்னி ஸ்மித் அந்தப் பத்தியை ஓவியத்தோடும் சிலையோடும் முடிக்கவில்லை. ஐரோப்பாவின் பழைய கொடுங்கோல் அரசுகளில் எதன் கீழ் ஆறு பேரில் ஒருவர் அடிமையாக இருக்கிறார், சக மனிதர்களால் வாங்கவும் விற்கவும் வதைக்கவும் படுகிறார் என்பதுதான் அவருடைய கடைசிக் கேள்வி. முதல் கேள்விகளுக்கு விடை சொல்ல அமெரிக்க எழுத்தாளர்கள் பலர் முனைந்தார்கள். கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல முனைந்தவர்கள் மிகச் சிலர், அவர்களில் பலரும் யாருக்காக அந்தக் கேள்வி கேட்கப்பட்டதோ அந்த மக்களிடமிருந்தே வந்தவர்கள். 'மனிதக் கை படாத காடு' என்று கோல் எழுதியபோதும் அங்கே மனிதர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கையைக் கை என்று எண்ணவில்லை, அவ்வளவுதான்.

நாடக மேடையில் இது எப்படி நடந்தது என்பதைப் பாருங்கள். எட்வின் ஃபாரஸ்ட் என்ற நடிகர், இந்த மண்ணின் பூர்வகுடி ஒருவரைத் தலைவனாகக் கொண்ட நாடகத்துக்கு 500 டாலர் பரிசு என்று 1828-இல் அறிவித்தார். பரிசு பெற்ற 'மெட்டமோரா' 1829 டிசம்பர் 15 அன்று நியூயார்க்கில் அரங்கேறியது. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலக் குடியேறிகளை எதிர்த்துப் போரிட்டு மாண்ட மெட்டாகொமெட் என்ற தலைவரின் கதை அது. ஆங்கிலேயர் அவரை 'ஃபிலிப் அரசர்' என்று அழைத்தார்கள். மேடையில் அவர் வீரமாகச் சாவதைக் கண்டு மக்கள் கைதட்டினார்கள், கண் கலங்கினார்கள். அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, டிசம்பர் 8 அன்று, குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் பழங்குடி மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அகற்ற வேண்டும் என்று காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். 1830 மே மாதம் அது சட்டமானது. இறந்துபோன பழங்குடியை அமெரிக்கப் பெருமையாகக் கொண்டாடுவதும் உயிரோடிருக்கும் பழங்குடியை வெளியேற்றுவதும் ஒரே பருவத்தில் நடந்தன. 1826-இல் வெளியான ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பரின் நாவல் தலைப்பிலேயே 'கடைசி மொஹிகன்' என்று சொல்லிவிடுகிறது. கடைசி ஆள் போய்விட்டார் என்றால் அந்த நிலத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

ஆனால் அவர்கள் போய்விடவில்லை, எழுதிக்கொண்டிருந்தார்கள். செரோக்கி என்ற பழங்குடியைச் சேர்ந்த செக்கோயா 1821-இல் உருவாக்கி முடித்த செரோக்கி எழுத்துமுறையில், 1828 பிப்ரவரி முதல் ஜார்ஜியாவின் நியூ எகோட்டாவிலிருந்து 'செரோக்கி ஃபீனிக்ஸ்' என்ற செய்தித்தாள் வெளிவந்தது. ஒரு பக்கம் செரோக்கி, ஒரு பக்கம் ஆங்கிலம். தங்களையும் ஒரு தேசம் என்று அதில் அவர்கள் அச்சிட்டுச் சொன்னார்கள். 1835-இல் ஜார்ஜியாவின் காவல்படை அந்த அச்சு இயந்திரத்தைப் பறித்துக்கொண்டது. 1838, 1839 ஆண்டுகளில் அந்த மக்கள் கட்டாயமாக மேற்கே நடத்திச் செல்லப்பட்டபோது சுமார் 4,000 பேர் மாண்டார்கள். அச்சு ஒரு தேசத்தை உருவாக்க வல்லது என்பதை அச்சுக்கூடம் அழகாக எழுதினார். அதனால்தான் அந்த இயந்திரத்தைப் பறித்தார்கள்.

அதே மெட்டாகொமெட்டைப் பற்றி, பீக்வாட் இனத்தைச் சேர்ந்த வில்லியம் ஏப்பஸ் என்ற போதகர் 1836 ஜனவரியில் பாஸ்டன் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். வெள்ளையரின் மனத்தில் வாஷிங்டன் எப்படி வாழ்கிறாரோ, அப்படியே எங்கள் மனத்தில் இவர் வாழ்கிறார் என்ற கருத்தோடு அவர் தொடங்கினார். அமெரிக்காவின் தலைவர் யார் என்ற விடுதிப் பலகையில் மூன்றாவது முகம் ஒன்றை அவர் வரைந்தார் என்றுதான் நான் சொல்வேன்.

கறுப்பின மக்கள் தரப்பிலிருந்து வந்த குரல்களில் ஃபிரெடெரிக் டக்ளஸின் குரல் பெரியது. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த அவர் 1845-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். 1852-இல் ராச்செஸ்டர் நகரில் விடுதலை நாள் உரைக்கு அழைத்தபோது, ஜூலை 4-ஐ விட்டு ஜூலை 5 அன்று மேடையேறி, உங்களுடைய ஜூலை 4 ஓர் அமெரிக்க அடிமைக்கு என்ன பொருள் தருகிறது என்று கேட்டார். தேசத்தை அவர் நிராகரிக்கவில்லை. பிரகடனத்தின் சொற்களை எடுத்து அவற்றை எழுதியவர்களின் வழித்தோன்றல்களிடமே நீட்டினார். அதே ஆண்டு மார்ச்சில் புத்தகமாக வந்த ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் 'டாம் மாமாவின் குடிசை' அந்நாட்டில் ஓராண்டுக்குள் 3,00,000 படிகள் விற்றது. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று 1850-இல் வந்த சட்டமே அந்த நாவலை எழுதத் தூண்டியது.

அந்தச் சட்டம் நடப்பில் இருந்த 1855-இல்தான் வால்ட் விட்மன் 'புல்லின் இதழ்கள்' தொகுப்பைப் புரூக்ளினில் தாமே வெளியிட்டார். பன்னிரண்டே கவிதைகள். முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை; எதிர்ப்பக்கத்தில் கழுத்துப் பொத்தான் திறந்த உழைப்பாளி உடையில், இடுப்பில் கை வைத்து, தொப்பியைக் கழற்றாமல் நிற்கும் ஒரு மனிதரின் படம். ஏடுதேடி தேடும் புது முகம் இதுதான் என்று பலர் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தப் படத்தைவிட உள்ளே வரும் சில வரிகள் முக்கியம். தப்பி வந்த அடிமை ஒருவர் கவிஞரின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். கவிஞர் அவரை உள்ளே அழைத்து, புண்பட்ட கால்களைக் கழுவ நீர் கொண்டுவந்து, தம் அறையை ஒட்டிய அறையில் தங்கவைத்து, ஒரு வாரம் தம் பக்கத்திலேயே உட்கார்த்தி உணவளிக்கிறார். துப்பாக்கி மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. சட்டப்படி அது குற்றம். அந்தக் குற்றத்தை அமெரிக்கரின் இயல்பாக எழுதியதால்தான் அவரை நான் பெரிய கவிஞர் என்கிறேன்.

ஏடுதேடி மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மேற்கோளின் கடைசி வரியை நான் படித்த நூல்கள் எதிலும் காணவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கேள்வியே மாறிவிட்டது. 'உருவாக்கினார்களா' என்று கேட்டேன். இப்போது 'யாரை உள்ளே வைத்து உருவாக்கினார்கள்' என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டு சிறு ஐயங்கள். உள்நாட்டுப் போரின்போது குடியரசுத் தலைவர் லிங்கன் ஸ்டோவைச் சந்தித்தபோது, இந்தப் பெரிய போரைத் தொடங்கிய சிறிய பெண்மணி நீங்கள்தானா என்று கேட்டதாகப் பல இடங்களில் வருகிறது. அது உண்மையா? அடுத்தது, இமானுவேல் லாய்ட்சேயின் 'டெலவேர் ஆற்றைக் கடக்கும் வாஷிங்டன்' ஓவியத்தை யாரும் குறிப்பிடவில்லையே, ஏன்?

அச்சுக்கூடம் பதில் எழுதுகிறார்:

ஸ்டோ 1862 இறுதியில் லிங்கனைச் சந்தித்தது உண்மை. ஆனால் அந்த வாசகத்துக்கு அக்காலக் கடிதங்களில் சான்று இல்லை. பல்லாண்டுகள் கழித்துக் குடும்பத்தார் வழியாக வந்த செய்தி அது. கட்டுரையில் சேர்ப்பதாக இருந்தால் 'சொல்லப்படுகிறது' என்று எழுதுங்கள். 3,00,000 படிகள் என்ற எண்ணே போதிய வலிமை உடையது, அதற்கு மேல் அணிகலன் வேண்டாம்.

ஆற்றுவளைவு பதில் எழுதுகிறார்:

லாய்ட்சேயை நான் விட்டது என் தவறு. அமெரிக்கப் பள்ளிப் புத்தகங்களில் மிகுதியாக அச்சான அந்த ஓவியம் தீட்டப்பட்டது ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில். 1848-இல் ஐரோப்பாவில் தோற்றுப்போன புரட்சியாளர்களுக்கு ஊக்கம் தர, வென்ற ஒரு புரட்சியை அவர் வரைந்தார். 1851-இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தபோது 50,000-க்கும் மேற்பட்டோர் வந்து பார்த்தார்கள். படகில் பறக்கும் நட்சத்திரக் கொடி 1777 ஜூன் மாதத்தில்தான் ஏற்கப்பட்டது. ஆற்றைக் கடந்ததோ 1776 கிறிஸ்துமஸ் இரவில். படகில் ஒரு கறுப்பின மனிதரும் துடுப்புப் போடுகிறார் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் உங்கள் மாறிய கேள்விக்கு அவருடைய இன்னொரு படைப்பே பொருந்தும். 1861-இல் அரசு அவருக்கு 20,000 டாலர் ஊதியத்தில் கேப்பிடலில் ஒரு சுவரோவியப் பணியைக் கொடுத்தது. பிரதிநிதிகள் சபைப் பகுதியின் மேற்குப் படிக்கட்டுச் சுவரில் அது இன்றும் இருக்கிறது. மேற்கு நோக்கிப் போகும் குடியேறிகள் கடைசி மலைமுகட்டை அடைந்து, பசிபிக் கரையை நோக்கி விரியும் நிலத்தை முதன்முதலாகக் காணும் காட்சி. பணிக்கு முன் அவர் தீட்டிய மாதிரி ஓவியத்தில் இருந்தவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். 1862-இல் சுவரில் முடித்தபோது, முன்பக்கத்தின் நடுவில் ஒரு கறுப்பின இளைஞனைச் சேர்த்திருந்தார். குழந்தையோடு ஒரு பெண் அமர்ந்திருக்கும் கோவேறு கழுதையை அவன் கயிறு பிடித்து நடத்திச் செல்கிறான். அவர் சுவரில் வேலை செய்துகொண்டிருந்த அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான் தலைநகரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. உள்நாட்டுப் போர் இன்னும் முடியவில்லை.

மறுபக்கம் சொன்னது இங்கேயும் பொருந்துகிறது. அந்த மலைமுகட்டிலோ, அதற்கு அப்பால் விரியும் நிலத்திலோ, பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. அவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஓவியத்தைச் சுற்றியுள்ள அலங்காரப் பட்டையில், கொடிகளுக்கும் விலங்குகளுக்கும் இடையே தேட வேண்டும்.